குழு நோட்டில் ஏறாத 2,100 ரூபாய்

கடிதத்தின் சுருக்கம்

தென் மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து 43 வயதுப் பெண்மணி ஒருவர் ஏழு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. பன்னிரண்டு பேர் கொண்ட மகளிர் சுய உதவிக் குழுவுக்கு ஒன்பது ஆண்டுகளாக அவர்தான் ஊக்குநர், அதாவது குழுவை வழிநடத்துபவர். குழு வங்கியில் 6 லட்சம் ரூபாய் கடன் பெற்று ஆளுக்கு 50,000 வீதம் பிரித்துக்கொண்டது. ஒவ்வொருவரும் மாதம் 1,650 ரூபாய் தவணையும் 100 ரூபாய் சேமிப்பும் செலுத்த வேண்டும். 36 தவணைகளில் 14 முடிந்துள்ளன. கொத்தனாரான கணவர் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்துபோனதால் உறுப்பினர் ஒருவர் ஐந்து மாதமாகப் பணம் தரவில்லை. பள்ளி நாளிலிருந்தே இவருக்குத் தோழியாக இருந்த இன்னொருவர் மூன்று மாதமாகத் தரவில்லை. வங்கியில் குழுவின் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்று முதல் இரண்டு மாதம் தன் கைக்காசு 3,300 ரூபாயைப் போட்டுக் கட்டிய இவர், அடுத்த மூன்று மாதம் குழுவின் சேமிப்புக் கணக்கிலிருந்து 9,900 ரூபாயை எடுத்துக் கட்டியிருக்கிறார். அதைக் கூட்டத்தில் சொல்லவில்லை.

ஆடி மாதக் கூட்டத்தில் தோழி பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். “மாசம் 19,800 வசூல் பண்ற. பேங்க்ல 19,650தான் எடுத்திருக்கான். மீதி 150 எங்க?” இவர் போக்குவரத்துச் செலவு என்றார். “டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டே இல்லையே, இது எந்தப் போக்குவரத்து?” என்று தோழி கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அடுத்து சேமிப்பிலிருந்து எடுத்த தொகையும் வெளியே வர, தோழி வாயிலிருந்து “திருடி” என்ற சொல் வந்துவிட்டது. அன்றிலிருந்து ஏழு பேர் ஒரு பக்கம், நான்கு பேர் இவர் பக்கம். வாட்ஸ்அப் குழுவும் இரண்டாகிவிட்டது. தோழி மீது போலீசில் புகார் கொடுக்கலாமா, பணம் தராத இருவரையும் குழுவிலிருந்து நீக்கலாமா, தான் விலகிவிட்டால் கடன் பொறுப்பும் போய்விடுமா, ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பஞ்சாயத்துப் பேசலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் வரியிலேயே “என்னைத் திருடி என்று சொல்லிவிட்டாள்” என்று எழுதியிருக்கிறீர்கள். 150 ரூபாய் விவகாரம் ஆறாம் பக்கத்தில்தான் வருகிறது. உங்கள் மனத்தில் எது பெரிது என்பது இதிலேயே தெரிகிறது, அது இயல்பும்கூட. ஒன்பது ஆண்டுகள் ஊருக்காக வங்கிப் படி ஏறி இறங்கிய ஒருவருக்கு அந்தச் சொல் எப்படி வலித்திருக்கும் என்று புரிந்துகொள்ள எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஆனால் ஒரு வழக்கறிஞராகவும் சமரசராகவும் நான் கடிதத்தைப் பின்னாலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது. மாதம் 150 வீதம் 14 மாதத்துக்கு 2,100 ரூபாய். ஊரில் இப்போது “லட்சக்கணக்கில் சுருட்டிவிட்டாள்” என்று பேசிக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த லட்சம் முளைத்தது இந்த 2,100 ரூபாயிலிருந்துதான்.

டவுன் பஸ் நேரம் வங்கி நேரத்துக்கு ஒத்துவராததால் ஷேர் ஆட்டோவில் போனதாகவும், ஜெராக்ஸும் டீயும் அதில்தான் அடங்கும் என்றும் சொல்கிறீர்கள். நான் நம்புகிறேன். நான் நம்புவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ரொக்கப் புத்தகத்தில் அந்த 150 ரூபாய் ஒரு மாதம்கூட ஏறவில்லை. ஏறியிருந்தால் அன்றைக்குச் சிரிப்பும் எழுந்திருக்காது.

ஒரே பாயில் மூன்று சண்டைகள்

குழுச் சண்டைகளில் நான் மறுபடி மறுபடி பார்ப்பது இது: வெளியே ஒரு சண்டையாகத் தெரிவதற்குள் இரண்டு மூன்று சண்டைகள் முடிச்சுப் போட்டுக் கிடக்கும். எந்த இழையை இழுக்கிறோம் என்று தெரியாமல் இழுப்பதால் முடிச்சு இறுகும். உங்கள் குழுவில் இருப்பவை மூன்று. முதலாவது கணக்கு பற்றியது: 2,100 ரூபாயும் 9,900 ரூபாயும் எங்கே, யார் அனுமதித்தது. இரண்டாவது இயலாமை பற்றியது: கணவர் படுத்துக் கிடக்கும் வீட்டில் 1,650 ரூபாய்க்கு எங்கே போவது. மூன்றாவது மரியாதை பற்றியது: நீங்கள் அவரை எப்படி நடத்தினீர்கள், அவர் உங்களை எப்படிப் பேசினார்.

இவை மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. கணக்கை எல்லோர் முன்னிலையிலும் பேச வேண்டும். மூடிய அறையில் பேசினால் சந்தேகம் கூடும். இயலாமையை எல்லோர் முன்னிலையிலும் பேசவே கூடாது. அந்தப் பெண்மணியின் வீட்டுத் திண்ணையில் இரண்டு பேர் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் அது. மரியாதைப் பிரச்சினை உங்களுக்கும் தோழிக்கும் இடையே உள்ளது, அதற்குப் பத்துப் பேர் சாட்சி தேவையில்லை. ஆடிக் கூட்டத்தில் இந்த மூன்றும் ஒரே பாயில், ஒரே மணி நேரத்துக்குள், சத்தமாகப் பேசப்பட்டிருக்கின்றன. வேறு எப்படி முடிந்திருக்கும்?

சுய உதவிக் குழுவின் அமைப்பிலேயே இந்த உரசலுக்கு ஓர் இடம் இருக்கிறது என்பதையும் நீங்கள் அறிந்திருப்பது நல்லது. 1992-இல் நபார்டு வங்கி இக்குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியபோது, நிலப் பத்திரமோ நகையோ இல்லாத பெண்களுக்கு எதை நம்பிக் கடன் கொடுப்பது என்ற கேள்விக்குக் கிடைத்த விடை, அவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்பதுதான். வங்கி வெளியிலிருந்து ஜாமீன் கேட்பதில்லை. நீங்கள் பன்னிரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஜாமீன். பக்கத்து வீட்டுக்காரியின் வீட்டில் அடுப்பு எரியாவிட்டால் அது என் கடனையும் தொடும் என்ற ஏற்பாட்டில் பரிவும் எரிச்சலும் சேர்ந்தேதான் இருக்கும். இந்த எரிச்சல் எழுந்ததற்காக யாரையும் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது.

நல்ல குழுவுக்கு ஐந்து இலக்கணங்கள் என்று பயிற்சியில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, அந்தச் சேமிப்பிலிருந்து உறுப்பினருக்குக் கொடுக்கும் உள்கடன், உரிய நேரத்தில் திருப்பிச் செலுத்துதல், அன்றன்றைக்கு எழுதப்பட்ட கணக்கு. முதல் நான்கையும் காப்பாற்ற உங்கள் சொந்தக் காசைக்கூடக் கொடுத்திருக்கிறீர்கள். ஐந்தாவதைக் கைவிட்டதால் முதல் நான்கும் இப்போது ஆட்டம் காண்கின்றன.

பணம் தராத இருவரும் ஒரே வகையினர் இல்லை

கடிதம் முழுக்க அவர்களை “அந்த இரண்டு பேர்” என்றே எழுதியிருக்கிறீர்கள். இதை நான் திருத்தியாக வேண்டும். ஒருவருக்குக் கட்ட வழியில்லை. இன்னொருவருக்கு வழி இருக்கிறது, கட்ட மறுக்கிறார். “கணக்கைக் காட்டு, ஒரே நாளில் மூன்று மாசத்தையும் கட்டிடுறேன்” என்று தோழி சொன்னதை நீங்களே மேற்கோளாக எழுதியிருக்கிறீர்கள். அவர் கடனைத் தவறியவர் என்பதைவிட, தவணையை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பவர் என்பதே பொருந்தும். அவர் தேர்ந்தெடுத்த வழி தவறானது, ஏனெனில் வங்கி பார்ப்பது குழுவின் தவணையை மட்டும்தான். உங்களுக்கும் அவருக்கும் உள்ள மனக்கசப்பு அதன் பேரேட்டில் இல்லை. என்றாலும் அவருடைய கேள்வி நியாயமானது.

ஆடிக்கு முன்பே மூன்று முறை அவர் கணக்குக் கேட்டிருக்கிறார். மூன்று முறையும் நீங்கள் சொன்ன பதில், “என் மேலயே சந்தேகமா?” நம் ஊரில் இந்த ஒரு வாக்கியம் எத்தனை கணக்குகளை மூடி வைத்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும். கோயில் கமிட்டி, சீட்டு, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, எங்கும் இதே பதில்தான். கேட்டவர் அதற்கு மேல் கேட்டால் நட்பை முறித்தவர் ஆகிறார். கேட்காவிட்டால் மனத்துக்குள் புழுங்குகிறார். உங்கள் தோழி ஏழு மாதம் புழுங்கிவிட்டுப் பிறகு எல்லோர் முன்னாலும் கேட்டார். தனியாகக் கேட்டபோது பதில் கிடைக்காதவர் கூட்டத்தில் கேட்டதை நான் அதிகம் குறை சொல்ல மாட்டேன். “திருடி” என்ற சொல்லைக் குறை சொல்வேன். அதை அவரிடமே நேரில் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

இன்னொருவர், கணவர் விபத்தில் அடிபட்டவர். அவருக்கு நீக்கல் தீர்மானம் போடுவதற்கு முன் சில விஷயங்களை விசாரியுங்கள். கணவர் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்து, புதுப்பித்திருக்கிறாரா? பதிவு இருந்தால் விபத்து உதவிக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்தம் செய்யும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் சேர்ந்திருக்கிறாரா? விபத்தால் நிரந்தர ஊனம் ஏற்பட்டிருந்தால் மட்டுமே அதில் தொகை கிடைக்கும்; குணமாகிவிடும் எலும்பு முறிவுக்குக் கிடைக்காது. இவை எதுவும் இல்லையென்றாலும், குழு தீர்மானம் போட்டு அவருடைய பங்கைச் சில மாதங்களுக்குப் பாதியாகக் குறைத்து, விடுபட்டதைக் கடைசித் தவணைகளோடு சேர்த்துக்கொள்ளலாம். நீங்கள் மனத்துக்குள் முடிவெடுத்துச் செய்ததும் ஏறத்தாழ இதைத்தான். பன்னிரண்டு பேர் முடிவெடுத்திருந்தால் அது உதவி. ஒருவர் சொல்லாமல் செய்ததால் அது குற்றச்சாட்டாகிவிட்டது.

எழுதத் தயங்கினாலும் எழுதுகிறேன். அந்தப் பெண்மணியின் பெயர் வர வேண்டிய இடங்களில் நான்கு முறை “அந்தத் தெருக்காரர்” என்று எழுதியிருக்கிறீர்கள். தோழியை ஒருமுறைகூட அப்படிக் குறிப்பிடவில்லை. நீங்கள் யோசித்து எழுதியிருக்க மாட்டீர்கள். கை தானாக எழுதியிருக்கும். ஆனால் கூட்டத்திலும் உங்கள் பக்கத்தவர் ஒருவர் “அந்தத் தெருவைச் சேர்த்ததே தப்பு” என்று சொன்னதாகக் குறிப்பிட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். அங்கே நின்றிருக்க வேண்டும். பண விவகாரம் தெரு விவகாரமாக மாறும் இடம் அதுதான்; மாறிவிட்டால் எந்தப் பாஸ்புக்காலும் அதை அவிழ்க்க முடியாது. பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒருவரைப் பிறர் பார்க்கும் இடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அடுத்த கூட்டத்தில் யார் அப்படிப் பேசினாலும், உங்கள் பக்கத்தவராக இருந்தாலும், முதலில் தடுப்பவர் நீங்களாக இருக்க வேண்டும். சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது

போலீஸ் புகார். ஒருவரைத் திருடி என்று பிறர் முன் சொல்வது அவதூறாகலாம். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அதைப் பற்றியது. ஆனால் காவல் நிலையம் நேரடியாக வழக்குப் பதிந்து விசாரிக்கக்கூடிய குற்றம் அது இல்லை. நீங்கள்தான் மாஜிஸ்திரேட் முன் தனிப் புகார் தாக்கல் செய்ய வேண்டும். குழுப் பணத்தில் பங்குள்ள உறுப்பினர், அந்தப் பணத்தைப் பற்றி, குழுக் கூட்டத்திலேயே, நல்லெண்ணத்தோடு கேட்டதாகத் தோழி எதிர்வாதம் வைக்க இடமிருக்கிறது. அதைவிட முக்கியமானது, நீங்கள் புகார் கொடுத்த மறுநாள் எதிர்த் தரப்பு, ஒப்படைத்த பணத்தைக் கையாடியதாக 316-ஆம் பிரிவின் கீழ் புகார் கொடுக்கலாம். அது நிரூபணமாக நேர்மையற்ற நோக்கம் வேண்டும்; எடுத்த பணத்தைக் குழுவின் கடனுக்கே கட்டியிருக்கிறீர்கள் என்பதற்கு வங்கிப் பதிவே சாட்சி. இறுதியில் நீங்கள் வெல்லக்கூடும். ஆனால் அதுவரை எத்தனை முறை காவல் நிலையப் படி ஏற வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். இந்த நிலையில் புகார் வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

உங்கள் கணவர் தோழியின் வீட்டு வாசலுக்குப் போய்ச் சத்தம் போட்டதை ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். தயவுசெய்து அவரை இதிலிருந்து விலக்கி வையுங்கள். சட்டச் சிக்கல் உங்களுக்கு வருவதாக இருந்தால் கணக்கைவிட அந்த வாசலிலிருந்துதான் முதலில் வரும்.

நீக்குவதும் விலகுவதும். இரண்டுமே கடனைத் தீர்க்காது. கடன் வாங்கும்போது பன்னிரண்டு பேரும் கையெழுத்திட்ட உறுப்பினர் உடன்படிக்கை வங்கியில் இருக்கும். அதன்படி பொதுவாக எல்லோரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. நீங்கள் நாளை ராஜினாமாக் கடிதம் கொடுத்தாலும், வங்கி எழுத்துமூலம் விடுவிக்காத வரை மீதி 22 தவணைகளுக்கான பொறுப்பு உங்களைத் தொடரும். ஊக்குநர் பதவியை விட்டு விலகலாம், அது வேறு. உங்கள் விதிமுறையில் பதவிச் சுழற்சி எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று எழுதியிருக்கிறது என எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான குழுக்களில் இரண்டு ஆண்டு என்று இருக்கும். ஒன்பது ஆண்டுகள் ஒருவரே இருந்தது மற்றவர்கள் உங்கள் மேல் வைத்த மதிப்பினால் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். ஓரளவு உண்மை. வங்கிக்கு அலைய வேறு யாருக்கும் விருப்பமில்லை என்பதும் உண்மை. ஒரு உறுப்பினரை நீக்குவதென்றால் விதிமுறைப்படி முன்கூட்டி அறிவித்து, அவர் தரப்பைக் கேட்டு, தீர்மானம் எழுதி, அவருடைய சேமிப்பைக் கடனோடு நேர்செய்து மீதியைக் கொடுக்க வேண்டும். இப்போது இருக்கும் சூட்டில் அதைத் தொடங்குவது குழுவைக் கலைப்பதற்குச் சமம்.

ஊர்ப் பஞ்சாயத்து. இரு தரப்பும் மனமொப்பி ஒரு பெரியவரை நடுவில் உட்கார வைத்துப் பேசுவதில் தவறில்லை. அபராதம் போடவும், பேசாதே பழகாதே என்று தள்ளி வைக்கவும் அவருக்குச் சட்டப்படி எந்த அதிகாரமும் இல்லை. மேலும் நீங்கள் பெயர் குறிப்பிட்ட இருவரும் உங்கள் கணவருக்கு மாமன் முறை. அவர்கள் எவ்வளவு நேர்மையாகச் சொன்னாலும் ஏழு பேர் அதை ஏற்க மாட்டார்கள். உங்களிடம் இதைவிட நல்ல வழிகள் உள்ளன. மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் குழுக் கணக்கைச் சரிபார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அங்கே தீராவிட்டால் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மகளிர் திட்ட அலுவலகம். அதற்கும் மேல் போக வேண்டியிருந்தால் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். 15100 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம். வழக்குத் தொடுக்காமலே லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம். கட்டணம் இல்லை, அங்கே ஆகும் உடன்பாடு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. உங்களுக்கு அதுவரை போக வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன்.

கணக்கை எப்படித் திறப்பது

முதலில் ஓர் எச்சரிக்கை. விடுபட்ட பதினான்கு மாதச் செலவையும் இப்போது உட்கார்ந்து பழைய தேதி போட்டு எழுதிவிடாதீர்கள். உங்களுக்கு நல்லது நினைக்கும் யாராவது ஒருவர் அப்படிச் சொல்லியிருப்பார். பல ஆண்டுகளுக்கு முன் என் முன்னால் ஒரு குழுவின் நோட்டு வந்தது. பதினோரு மாதப் பதிவும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரு அடித்தல் திருத்தம்கூட இல்லை. அந்த ஊக்குநர் ஒரு ரூபாயும் எடுக்கவில்லை என்பது பிறகு வங்கிப் பதிவிலிருந்து தெரிந்தது. ஆனால் அந்த நோட்டைப் பார்த்த பிறகு அவரை யாரும் நம்பவில்லை. நீங்கள் இன்றைய தேதியிட்டு, “கீழ்க்கண்ட செலவுகள் அப்போதே எழுதப்படாமல் விடுபட்டன” என்று தலைப்பிட்டு, நினைவில் இருப்பதை எழுதுங்கள். ரசீது இருந்தால் ஒட்டுங்கள். இல்லாததற்கு இல்லை என்று எழுதுங்கள். குழு ஏற்க மறுக்கும் தொகையை நீங்கள் கட்டிவிடுவதாகவும் சொல்லிவிடுங்கள். அதிகபட்சம் 2,100 ரூபாய். உங்கள் ஒன்பது ஆண்டு உழைப்போடு ஒப்பிட்டால் அது பெரிய விலை இல்லை.

9,900 ரூபாய் சற்று நுட்பமானது. அதில் 4,950 விபத்துக் குடும்பத்தின் மூன்று மாதத் தவணை, 4,950 தோழியின் மூன்று மாதத் தவணை. அதாவது குழுவின் சேமிப்பிலிருந்து அவ்விருவருக்கும் உள்கடன் கொடுத்தது போல் ஆகியிருக்கிறது, அவர்கள் கேட்காமலே. குழு கூடி இதை உள்கடனாக ஏற்று, நடந்ததைப் பின்னர் ஒப்புக்கொள்ளும் பின்னேற்புத் தீர்மானம் போடலாம். அவ்விருவரும் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும். கணக்குத் தெளிவானதும் தோழி தன் 4,950-ஐ ஒரே தடவையில் கட்டிவிடுவார் என்றே எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் கைக்காசு போட்ட 3,300 ரூபாய் முழுவதும் விபத்துக் குடும்பத்துக்கானது. அதைக் குழுக் கணக்கில் கலக்காமல், அந்தப் பெண்மணியிடம் நீங்கள் கொடுத்த கைமாற்றாகத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கூட்டத்தில் தியாகமாக எடுத்துச் சொன்னால் அவர் தலை குனிய வேண்டியிருக்கும்.

பணம் எடுக்கும் படிவத்தில் இரண்டு கையெழுத்து வேண்டும். இரண்டாவது கையெழுத்துக்காரரான பிரதிநிதி, வெற்றுப் படிவங்களில் முன்கூட்டியே கையெழுத்திட்டு உங்களிடம் கொடுத்து வைத்திருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் இப்போது எதிர்ப் பக்கம் போய் வாய் திறக்காமல் இருப்பது உங்களுக்குத் துரோகமாகப் படுகிறது. அவர் பயத்தில் இருக்கிறார், அவ்வளவுதான். கூட்டத்தில் அவரைக் காட்டிக் கொடுக்காதீர்கள். மீதமிருக்கும் படிவங்களை எல்லோர் முன்னிலையிலும் கிழித்துப் போட்டுவிட்டு, இனிமேல் யாரும் வெற்றுத் தாளில் கையெழுத்திடுவதில்லை என்று பொதுவாக ஒரு தீர்மானம் எழுதுங்கள். அவருக்குப் புரியும்.

கணக்குக் கூட்டத்தை உங்கள் வீட்டுத் திண்ணையில் வைக்க வேண்டாம். அங்கன்வாடியோ கிராம சேவை மையமோ போதும். கூட்டமைப்பிலிருந்து ஒருவர் நோட்டைப் பார்க்கட்டும். பாஸ்புக்கை உரக்கப் படிக்கும் வேலையைத் தோழியிடம் கொடுங்கள். கேட்டவர் வாயாலேயே எண்கள் வரும்போது மற்ற ஆறு பேருக்கும் அதில் ஐயம் இருக்காது. அன்று வேறு எந்தப் பேச்சும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம்.

சுற்றுலா போனால் சரியாகிவிடுமா?

உங்கள் பக்கத்தவர் ஒருவர், எல்லோரையும் வேன் வைத்துத் திருச்செந்தூர் கூட்டிப் போனால் தானாகப் பேசிக்கொள்வார்கள் என்கிறார். நல்ல மனம்தான். ஆனால் 1954-இல் முசாபர் ஷெரீப் என்ற சமூக உளவியல் அறிஞர் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு கோடைகால முகாமில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். முன்பின் அறியாத 22 சிறுவர்களை இரண்டு அணியாகப் பிரித்துப் போட்டிகள் வைத்ததும் ஒருவர் கொடியை ஒருவர் எரிக்கும் அளவுக்குப் பகை வளர்ந்தது. அவர்களைச் சேர்த்து உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள், படம் காட்டினார்கள். சாப்பாட்டை ஒருவர் மேல் ஒருவர் எறிந்ததுதான் மிச்சம். பிறகு முகாமுக்குத் தண்ணீர் வருவது நின்றுபோக, இரு அணியும் சேர்ந்து குழாயைத் தேட வேண்டியிருந்தது. நகராத லாரியைச் சேர்ந்து கயிறு கட்டி இழுக்க வேண்டியிருந்தது. இப்படிப் பல வேலைகளுக்குப் பிறகே பகை தணிந்தது. ஒரே வேலையில் தணியவில்லை என்பதையும் கவனியுங்கள்.

உங்களிடமும் அப்படி ஒரு வேலை இருக்கிறது. ஆண்டுதோறும் தீபாவளிக்கு நீங்கள் பன்னிரண்டு பேரும் சேர்ந்து முறுக்கும் அதிரசமும் போட்டு விற்பீர்கள் என்றும், இந்த ஆண்டு யாரும் பேச்சே எடுக்கவில்லை என்றும் கடைசிப் பக்கத்தில் ஒரு பெருமூச்சாக எழுதியிருக்கிறீர்கள். ஆவணியிலேயே அரிசி மாவு, எண்ணெய்க்கு ஏற்பாடு தொடங்க வேண்டும் அல்லவா? தொடங்குங்கள், ஆனால் கணக்குக் கூட்டம் முடிந்த பிறகு. பழைய கணக்குத் தீராமல் புதிய பணம் கைமாறினால் சண்டைக்குப் புது நோட்டு கிடைத்த கதையாகிவிடும். எண்ணெய் வாங்குபவர் ஒருவர், எழுதுபவர் இன்னொருவர், பணம் வைத்திருப்பவர் மூன்றாமவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கணவர் படுத்திருக்கும் அந்தப் பெண்மணி தட்டும் அதிரசம்தான் முதலில் விற்றுத் தீரும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருடைய பங்கு லாபத்தை அவர் விரும்பினால் நேரே தவணையில் வரவு வைக்கலாம்.

தோழியைப் பற்றி

இதற்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது, எனவே சுருக்கமாகவே சொல்கிறேன். கணக்குக் கூட்டத்துக்கு முன்பே, தனியாக, அவர் வீட்டுக்குப் போங்கள். நாலு பேர் பக்கமும் ஏழு பேர் பக்கமும் தெரிய வேண்டாம். “நீ மூணு தடவை கேட்ட, நான் சொல்லியிருக்கணும்” என்று மட்டும் சொல்லுங்கள். அந்த வாக்கியத்தின் முடிவில் “ஆனா” வரக் கூடாது. “ஆனா நீ எல்லார் முன்னாடியும்...” என்று தொடங்கினால் நீங்கள் போனது சமாதானத்துக்கு இல்லை என்றாகிவிடும். அந்தச் சொல் உங்களை எப்படிக் காயப்படுத்தியது என்பதை அன்றே சொல்ல வேண்டியதில்லை. அவர் கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் இன்னொரு நாள். அவர் கதவைத் திறக்காமலும் இருக்கலாம். அப்படியானாலும் கணக்குக் கூட்டத்தை நடத்துங்கள். அது அவருடைய சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டிய விஷயம் இல்லை.

கூட்டத்துக்கு முந்தைய நாள் வங்கிக்குப் போய்ப் பாஸ்புக்கில் இன்றுவரை பதிந்து வாங்கிவிடுங்கள். எந்திரம் பழுது என்றால் 14 மாதத்துக்கும் கணக்கு அறிக்கை கேட்டு எழுதிக் கொடுங்கள். தோழி வரச் சம்மதித்தால் அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். ஷேர் ஆட்டோவுக்கு ஆளுக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதை அவர் தன் கையாலேயே நோட்டில் எழுதட்டும்.